சவுக்குக் கொப்பும் நத்தார் மரந்தான்

பெரியோர்களே, பங்கு மக்களே, கதிரை கிடைக்காமல் பின்னால் நிற்கிற இளைஞர்களே, வணக்கம்.

நத்தார் நெருங்கினால் யாழ்ப்பாண நகரத்துக் கடைகளில் பிளாஸ்டிக் மரங்கள் வரிசையாக வந்துவிடுகின்றன. சிலவற்றில் பனி மாதிரி வெள்ளைத் தூளும் ஒட்டியிருக்கும். எங்கள் வெயிலுக்கு நல்ல பகிடி! சரி, விருப்பமானவர்கள் வாங்கட்டும். ஆனால், "மரம் வாங்க வசதியில்லை ஃபாதர், சவுக்குக் கொப்புத்தான் வைத்தோம்" என்று யாராவது கூச்சத்தோடு சொன்னால் எனக்குப் பொறுக்காது.

அந்த மரம் எப்படி வந்தது? இடைக்கால ஜேர்மனியில் டிசம்பர் 24 ஆதாம் ஏவாளின் நாள். அதையொட்டி ஏதேன் தோட்டக் கதையை நாடகமாக நடிப்பார்கள். தோட்டம் என்றால் மரம் வேண்டுமே. கடுங்குளிரில் பச்சையாக நிற்பது ஊசியிலை மரங்கள்தான். ஒன்றை வெட்டி வந்து அப்பிள் பழங்களைக் கட்டினார்கள், விலக்கப்பட்ட மரம் தயார். காலப்போக்கில் நாடகம் போய்விட்டது, மரம் வீட்டுக்குள் வந்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் லவுஷா என்ற மலையூரில் கண்ணாடி ஊதிப் பிழைத்த குடும்பங்கள் மரத்தில் தொங்கவிடக் கண்ணாடிக் குண்டுகளையும் பழங்களையும் செய்து விற்றன. நாங்கள் கட்டும் சிவப்புக் குண்டு அந்த அப்பிளின் பேரப்பிள்ளை. ஆக, அவர்களும் கைக்கெட்டிய மரத்தைத்தான் வெட்டினார்கள்.

இன்னொன்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். 1816இல் இங்கே வந்து, பிறகு வட்டுக்கோட்டையிலும் உடுவிலிலும் கல்விக்கூடங்கள் அமைத்த அமெரிக்க மிஷனை அனுப்பிய சபை பொஸ்டனில் இருந்தது. அந்தப் பொஸ்டன் இருக்கிற மசாசுசெட்ஸில் 1659 முதல் 1681 வரை நத்தார் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் தண்டம்! அங்கே அது சட்டப்படி விடுமுறையானதே 1856இல்தான். அலங்காரம் இல்லாவிட்டால் நத்தாரே இல்லை என்பவர்கள் இதை நினைத்துப் பார்க்கலாம்.

இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டுகிற குடில்தான், மரத்தைவிட எனக்கு நெருக்கமானது. 1223இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் அசிசியார், அதாவது புனித பிரான்சிஸ், வைத்த குடிலில் சுரூபங்களை அடுக்கவில்லை. வைக்கோல் போட்ட தீவனத்தொட்டி, உயிருள்ள மாடு, கழுதை, அவ்வளவுதான். லூக்கா நற்செய்தியில் தீவனத்தொட்டி உண்டு, மாடும் கழுதையும் இல்லை. அவை எசாயா முதல் அதிகாரத்திலிருந்து வந்து சேர்ந்துகொண்டவை. அப்படியானால் எங்கள் குடிலுக்குள் ஒரு தீவகத்து ஆடு நுழைந்தால் யார் கேட்கப்போகிறார்கள்?

யுத்தம் நடந்த தொண்ணூறுகளில் மின்சாரமும் இல்லை, பற்றரிக்கும் தடை. ஜாம் போத்தல் விளக்கைக் கொளுத்தித்தான் குடில் வைத்தோம். ஈர்க்கில் நட்சத்திரம் கட்டிப் பழைய கலர்த்தாளை ஒட்டினோம். குறையாக யாரும் நினைக்கவில்லை.

இந்த வருடம் குடில் கட்டப்போகிற இளைஞர்களே, பனையோலையால் வேயுங்கள், விளக்கு வயரை ஓலையில் முட்டவிடாதீர்கள். பாலனை நள்ளிரவுப் பூசைக்கு முன் வைக்க வேண்டாம். ராசாக்களை, அதாவது பாலனைத் தேடி வந்த ஞானிகளை, தூரத்தில் நிறுத்தி, அவர்களின் திருநாளான ஜனவரி 6 வரை கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி வாருங்கள். அப்புறம், ஞானிகள் மூன்று பேர் என்று மத்தேயு எங்கும் சொல்லவில்லை, காணிக்கைகள்தான் மூன்று. போன வருடம் ஒரு ராசாவின் தலை உடைந்ததே, அதற்காகப் புதுச் சுரூபம் வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள்.