இமாம் பசந்த் வந்தாச்சு!

மக்களே, வந்தாச்சு! இங்க பாருங்க, இமாம் பசந்த் மாம்பழம். கடைக்காரர் கிலோ 240 சொன்னாரு. 180க்குக் கேட்டேன், என்னை மேலேயும் கீழேயும் பார்த்தாரு. 200க்கு முடிச்சோம். காம்புகிட்ட கருத்துப்போன ஒண்ண நைசா பையில தள்ளப் பார்த்தாரு, விடுவேனா! எடுத்து வெளிய வெச்சுட்டேன். பங்கனப்பள்ளி பக்கம் நான் திரும்பக்கூட மாட்டேன், உங்களுக்கே தெரியும். இதோட தோலப் பாருங்க, எவ்ளோ மெல்லிசு!

எதுக்கு இந்த அலட்டல்னா, நடுவுல வீடியோ போடாம காணாமப் போயிருந்தேன்ல, அப்ப சாகணும்னு தோணிட்டே இருந்தது. கவுன்சலிங்ல ஒரு தாளக் குடுத்து, 'உயிரோட இருக்க என்னென்ன காரணம், எழுதுங்க'ன்னாங்க. எனக்கு ஒரே எரிச்சல். அம்மா அப்பான்னு எழுதலாம், ஆனா அப்ப அவங்கள நினைச்சாலே நான் ஒரு பாரம்னுதான் தோணும். பேனாவக் கடிச்சுக் கடிச்சு, கடைசியில 'இமாம் பசந்த்'னு எழுதினேன். நக்கலுக்குத்தான். அவங்க சிரிக்கல. 'அது எப்ப வரும்?'னாங்க. மே கடைசின்னேன். 'சரி, மேக்கு ஒண்ணு ஆச்சு. இந்த வாரத்துக்கு?' அயர்ன் கடையில குடுத்த சுடிதார வாங்கணும், அத எழுதினேன். அதையும் ஏத்துக்கிட்டாங்க! 'உனக்கு என்னடி குறைச்சல்'னு கேக்கற அத்தைங்களவிட இவங்க ஆயிரம் மடங்கு மேல்.

ஐயோ, டாக்டர் குடுத்த மாத்திரையப் பத்திச் சொல்ல மறந்துட்டேன். மாம்பழமே சரி பண்ணிடுச்சுன்னு கிளம்பிடாதீங்க. மாத்திரை வேலை செய்யவே சில வாரம் ஆகும், எனக்கு முதல்ல வெறும் குமட்டல்தான். நல்லாயிட்டோமேன்னு நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர்தான் கொஞ்சங்கொஞ்சமா குறைக்கணும்.

இருங்க, கவுன்சலிங்குக்கே எப்படிப் போனேன்னு சொல்லலியே. ரூம்ல கூட இருந்த பொண்ணு, துணி மடிச்சுக்கிட்டே, 'செத்துடலாம்னு தோணுதாடி?'ன்னு நேராக் கேட்டா. கேட்டா நாமளே அந்த நினைப்பக் கிளப்பிடுவோமோன்னு நிறைய பேர் பயந்து கேக்கறதில்ல. அப்படியெல்லாம் ஆகாது, கேளுங்க. எனக்கு அப்பாடான்னு இருந்தது. அவதான் 14416க்குப் போட்டு ஃபோன என் கையில குடுத்தா. டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன், 2022ல ஆரம்பிச்சது. காசு கிடையாது, நடுராத்திரியும் பேசலாம், தமிழ்லயே பேசலாம். சென்னையில ஸ்நேகான்னு தற்கொலை தடுப்பு அமைப்பும் இருக்கு, 1986லேருந்து: 044-24640050. ஸ்கிரீன்லயும் போட்டுடறேன்.

என்ன பேசறதுன்னு தெரியலன்னா, 'என்ன பேசறதுன்னு தெரியல'ன்னே ஆரம்பிங்க. நான் அப்படித்தான் ஆரம்பிச்சேன்.