ஓடாதே என்னும் சொல்

நேயர்களுக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் என்பதால் பேச அழைத்திருக்கிறார்கள். நான் பேசப்போவது, உடற்பயிற்சி என்று யாரும் பெயர் வைக்காத ஓட்டத்தைப் பற்றி.

சென்ற வாரம், தக்கலைக்கு அருகே எங்கள் ஊரில், ஆறு வயதுப் பேத்தியைக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் கடைக்குப் பால் வாங்க அனுப்பிவிட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். படியிலிருந்து குதித்தவள், விளக்குக் கம்பம் வரை பாய்ந்து ஓடி, அதைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி, ஓடையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நான்கு முறை தாண்டி, அதற்குள் எதையோ குனிந்து பார்த்துவிட்டு மறுபடியும் ஓட்டம் பிடித்தாள். ஒரே மூச்சில் ஓடியது பத்து விநாடிகூட இராது.

பிள்ளைகளின் உடல் இயங்கும் விதமே அதுதான். நாம் நடைப்பயிற்சி என்று அரைமணி நேரம் ஒரே சீராக நடக்கிறோம். அவர்களோ சில விநாடிகள் பாய்கிறார்கள், நிற்கிறார்கள், மீண்டும் பாய்கிறார்கள். பருவமடையாத பிள்ளைகளின் தசைகளில், கடுமையாக உழைக்கும்போது உண்டாகும் லாக்டிக் அமிலம் பெரியவர்களுக்குச் சேரும் அளவுக்குச் சேர்வதில்லை. ஏறிய இதயத்துடிப்பும் விரைவில் இறங்கிவிடுகிறது. அதனால்தான் நாம் மூச்சுவாங்கி உட்கார்ந்த பிறகும் அவர்கள் அடுத்த ஆட்டத்துக்கு ஆள் சேர்க்கிறார்கள்.

5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலுழைப்பு வேண்டும் என்றும், எலும்பையும் தசையையும் வலுப்படுத்தும் அசைவுகள் வாரத்தில் 3 நாளாவது இருக்க வேண்டும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் கூறியது. எலும்புக்கு வலுச் சேர்ப்பது குதித்து இறங்கும்போது விழும் அதிர்ச்சி. பாண்டி ஆடும் சிறுமி நொண்டியடித்துக் கட்டத்துக்குக் கட்டம் தாவும்போதும், கிளியாந்தட்டில் கோட்டைத் தாண்டப் பார்ப்பவன் சட்டென்று திசை மாறும்போதும் அந்த வேலை தானாகவே நடந்துவிடுகிறது.

இதை ஏற்றுக்கொள்ளும் நாமே பள்ளியில் என்ன செய்கிறோம்? தேர்வு நெருங்கினால் விளையாட்டு வகுப்பு கணக்கு வகுப்பாகிறது. வராந்தாவில் ஓடினால் அதட்டுகிறோம். ஆனால் தாமதமாக வந்தவனை மைதானத்தை மூன்று சுற்று ஓடு என்கிறோம். ஓட ஆசைப்படும்போது தடுத்துவிட்டு, தண்டனையாக ஓடச் சொன்னால் அந்தப் பிள்ளை ஓட்டத்தைப் பற்றி என்ன நினைக்கும்? நானும் பல ஆண்டுகள் விசில் ஊதி அப்படி ஓடவைத்தவன்தான். ஆணையிட்டபோது கால் இழுத்து ஓடிய அதே பையன், மணி அடித்ததும் வாசலுக்குப் பறந்ததை எத்தனையோ முறை பார்த்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.

நம் குமரி மாவட்டத்தில் தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் மணலில் கால்பந்து ஆடாத பையனைக் காண்பது அரிது. உள்பகுதியில் நிலை வேறு. தென்னை நின்ற விளைகள் மனைகளாகிவிட்டன. மண் முற்றங்கள் சிமெண்டுக் கல் பதித்த வண்டி நிறுத்துமிடங்களாகிவிட்டன. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை என்று இரண்டு மழையும் நமக்கு உண்டு. சளி பிடிக்கும் என்று அந்த மாதங்களில் பிள்ளைகளை உள்ளே அடைத்துவிடுகிறோம். இடிமின்னல் இருந்தால் அது சரி. வெறும் சாரலுக்குப் பயந்து அடைப்பதில் எனக்கு உடன்பாடில்லை; சளியைக் கொண்டுவருவது கிருமி. நனைந்து வந்தால் தலையைத் துவட்டிவிட்டால் போதும்.

சாலையில் வண்டி வருகிறதே என்பார்கள், நியாயமான பயம்தான். அதற்குப் பிள்ளையை வீட்டுக்குள் பூட்டுவதைவிட, மாலையில் ஒரு மணி நேரம் தெருவுக்கு ஒரு பெரியவர் நாற்காலி போட்டு முக்கில் உட்கார்ந்திருப்பது எளிது. எங்கள் தெருவில் இப்போது நான் உட்காருகிறேன்.

பேத்தி பால் பாக்கெட்டோடு ஓடி வந்தாள். இத்தனையும் தெரிந்த நான், பழக்கதோஷத்தில், "மோளே, ஓடாத, மெதுவா வா" என்று கத்திவிட்டேன். நின்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, வீடு வரை நொண்டியடித்தே வந்து சேர்ந்தாள்.