மஞ்சள் எப்போது ஏறும்?

அனைவருக்கும் வணக்கம். மைசெல், சைக்ளோடெக்ஸ்ட்ரின் இரண்டும் ஒரு வேதிவினையின் வேகத்தை எப்படி மாற்றுகின்றன என்பதுதான் இன்றைய பேச்சு. இந்தப் பெயர்களைக் கேட்டதும் பின்வரிசையில் சிலர் கதவைத் தேடுவது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள், ஒரே ஒரு நிறத்தை வைத்துச் சொல்லிவிடுகிறேன்.

நீண்ட கார்பன் வால் உள்ள நைட்ரோஃபீனைல் எஸ்டரைக் காரம் கலந்த தண்ணீரில் விடுகிறோம். முதலில் நிறமில்லை. காரத்தில் இருக்கும் ஹைட்ராக்சைடு எஸ்டரை உடைக்கும்; உடைய உடைய மஞ்சள் ஏறும். மஞ்சள் ஏறும் வேகம்தான் வினையின் வேகம்.

இதில் சிடிஏபி என்ற நேர்மின் சர்ஃபாக்டன்ட்டை, அதாவது தண்ணீரைப் பிடிக்கும் தலையும் பிடிக்காத வாலும் உள்ள சோப்பு வகைப் பொருளை, சேர்ப்போம். லிட்டருக்குச் சுமார் 0.9 மில்லிமோலைத் தாண்டியதும் அதன் மூலக்கூறுகள் வால்களை உள்ளே மடக்கி, தலைகளை வெளியே நீட்டி உருண்டையாகத் திரளும். அதுதான் மைசெல். தண்ணீரைப் பிடிக்காத எஸ்டர் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். எதிர்மின் ஹைட்ராக்சைடையும் அந்த நேர்மின் தலைகள் இழுக்கும். இரண்டும் ஒரே இடத்தில் கூடினால் கேட்க வேண்டுமா, மஞ்சள் மளமளவென்று ஏறும். சரி, எல்லாம் சோப்பு வகைதானே என்று எஸ்டிஎஸ் என்ற இன்னொரு சர்ஃபாக்டன்ட்டைப் போட்டால்? அதன் தலை எதிர்மின். எஸ்டரை உள்ளே வாங்கிக்கொண்டு ஹைட்ராக்சைடை வாசலிலேயே நிறுத்திவிடும். வினை மந்தமாகும்.

சைக்ளோடெக்ஸ்ட்ரின் வேறு ரகம். குளுக்கோஸ் அலகுகள் கோத்த வளையம்தான்: ஆல்ஃபா வகையில் 6, பீட்டாவில் 7, காமாவில் 8. அடியில்லாத வாளி மாதிரி இருக்கும். உள்பக்கம் எண்ணெய்த்தன்மையை விரும்பும். 1980-இல் ரைட்அவுட், பிரெஸ்லோ என்ற வேதியியலாளர்கள் இருவரும் தண்ணீரில் டீல்ஸ்-ஆல்டர் வினையை, அதாவது இரண்டு மூலக்கூறுகள் இணைந்து வளையமாகும் வினையை, நடத்தினார்கள். பீட்டா வேகத்தைக் கூட்டியது, ஆல்ஃபா குறைத்தது! பீட்டாவின் குழியில் இரண்டு வினைபொருள்களுக்கும் இடம் இருந்தது. ஆல்ஃபாவில் ஒன்று நுழைந்துவிட்டால் மற்றதற்கு இடமில்லை. ஒரு குளுக்கோஸ் அலகு செய்த வேலை! எனக்கு இன்றும் அலுக்காத முடிவு இது.

அப்புறம், சிடிஏபி, சைக்ளோடெக்ஸ்ட்ரின் இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரட்டை லாபம் என்று தோன்றும். நடப்பது வேறு. சிடிஏபியின் வாலே வாளிக்குள் நுழைந்துகொள்ளும், பெரும்பாலும் ஒன்றுக்கு ஒன்று. வாளிக்குள் எஸ்டர் இருந்தால் அதை வெளியே தள்ளும். மைசெல் கட்ட ஆளும் குறையும். லிட்டருக்கு 5 மில்லிமோல் பீட்டா இருக்கும் கரைசலில் 0.9-இல் மைசெல்லை எதிர்பார்த்துக் காத்திருந்தால் ஏமாற்றம்தான். வாளிகள் நிரம்பி, சிடிஏபி ஏறக்குறைய 6 மில்லிமோலை எட்டும்போதுதான் வினை வேகத்தைக் காட்டும் வரைபடத்தின் கோடு சட்டென்று மேலே திரும்பும்.