சின்ன எழுத்துக் கோப்பை மட்டும் அழிக்கச் சொன்னால், பெரிய எழுத்துக் கோப்பும் ஏன் போகிறது?

[திரை: டெர்மினல். ஒரு ஃபோல்டரில் மூன்று கோப்புகள்: நோட்ஸ், ரீட்மீ, ஸீரோ. முதலாவது முழுக்கச் சின்ன எழுத்து. மற்ற இரண்டும் பெரிய ஆர், பெரிய இசட்டில் தொடங்குபவை.]

குரல்: சின்ன எழுத்தில் தொடங்கும் கோப்பை மட்டும் அழிக்க வேண்டும். அழிக்கும் கட்டளையான ஆர்எம் அடித்து, சதுர அடைப்புக்குள் சின்ன ஏ, ஒரு கோடு, சின்ன இசட். வெளியே ஒரு ஸ்டார், அதாவது பின்னால் எது வந்தாலும் சரி. என்டர்.

[திரை: ஸீரோ மட்டும் மிஞ்சுகிறது.]

நோட்ஸ் போனது சரி. ரீட்மீயும் சேர்ந்து போய்விட்டது. பழைய பாஷ் (நாம் அடிக்கும் கட்டளையைப் படித்து இயக்கும் ஷெல்) ஓடும் சர்வர்களில் இப்படி நடக்கும்.

'ஏ முதல் இசட் வரை' என்றால் எந்த வரிசையில் என்பதுதான் கேள்வி. அதைச் சொல்வது லோக்கேல், அதாவது மொழி, எழுத்து வரிசை பற்றிய அமைப்பு. 'சி' என்ற அடிப்படை லோக்கேலில் எழுத்தின் எண்தான் கணக்கு: பெரிய எழுத்துகள் 65 முதல் 90, சின்னவை 97 முதல் 122. இரண்டும் கலக்காது. அமெரிக்க ஆங்கில லோக்கேலில் அகராதி வரிசை வரலாம்: சின்ன ஏ, பெரிய ஏ, சின்ன பி, பெரிய பி என்று. அந்த வரிசையில் சின்ன இசட்டோடு நிறுத்தினால் பெரிய இசட் மட்டும்தான் வெளியே நிற்கும். ஸீரோ தப்பித்தது அப்படித்தான்.

2019-இல் வந்த பாஷ் 5.0-இலிருந்து இந்த வரம்புகள் இயல்பாகவே சி வரிசையில் நடக்கின்றன. ஆனாலும் ஸ்கிரிப்ட் எந்த மெஷினில் ஓடும் என்று யாருக்குத் தெரியும்? வரம்பையே விட்டுவிட்டு, இரட்டைச் சதுர அடைப்புக்குள் இரு பக்கமும் முக்காற்புள்ளி வைத்து 'லோயர்' (சின்ன எழுத்து) என்று எழுதுவது நல்லது.

[திரை: ஒரே வரியில் எல்சி_ஆல் சமம் சி, பக்கத்தில் எல்எஸ், பிறகு அதே பேட்டர்ன்.]

வரிசையைச் சி ஆக்கப் பலர் செய்வது இது. எல்சி_ஆல் என்பது லோக்கேல் முழுவதையும் மாற்றும் மாறி, எல்எஸ் கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளை. பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் பேட்டர்னுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. ஸ்டாரை விரிப்பது எல்எஸ் அல்ல, ஷெல். எல்எஸ்ஸின் கைக்குப் போவது ஏற்கெனவே விரித்த பெயர்ப் பட்டியல்தான். கட்டளைக்கு முன்னால் போட்ட மாற்றமோ எல்எஸ்ஸுக்கு மட்டும் பொருந்தும். ஷெல் தன் பழைய லோக்கேலிலேயே விரித்து முடித்திருக்கும். அதனால் மாற்றத்தைத் தனி வரியில் போடுங்கள். அப்புறம் ஆர்எம்முக்குப் பதில், எதையும் அழிக்காமல் திரையில் காட்ட மட்டும் செய்யும் எக்கோ போட்டு, எந்தப் பெயர்கள் விழுகின்றன என்று பாருங்கள்.

[திரை: 'க' என்ற ஒற்றை எழுத்துப் பெயரில் ஒரு கோப்பு. எக்கோ, ஒரு கேள்விக்குறி.]

எல்லாவற்றையும் சி ஆக்கிவிட்டால் வேறொரு தொல்லை. கேள்விக்குறி என்றால் ஒரு எழுத்து. தமிழ் எழுத்துகளையும் புரிந்துகொள்ளும் யுடிஎஃப்-8 லோக்கேலில் 'க'வுக்கு ஒரு கேள்விக்குறி போதும். சி லோக்கேலில் கணக்கு பைட்டில் நடக்கும். 'க' மூன்று பைட், மூன்று கேள்விக்குறி வேண்டும். 'கி' என்றால் யுடிஎஃப்-8-இலேயே இரண்டு, ஏனென்றால் உயிர்க்குறி தனிக் குறியீடு. சி-யில் ஆறு!

வரிசைதான் பிரச்சினை என்றால், எழுத்து வரிசையைத் தீர்மானிக்கும் எல்சி_கொலேட்டை மட்டும் சி ஆக்குங்கள். எல்சி_ஆல்-இல் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் அதுதான் ஜெயிக்கும். முதலில் அதை அன்செட் செய்துவிடுங்கள்.