கத்தரி வெயிலில் செடியை இடம் மாற்ற வேண்டி வந்தால்

நேயர்களுக்கு வணக்கம். வேரூன்றி நிற்கிற செடியை இடம் மாற்ற நல்ல காலம் மழைக்காலம்தான். ஆனால் குழாய் பதிக்கத் தோண்டும் இடத்தில் நாலு வருடச் செம்பருத்தி நின்றால், மழை வரும்வரை காத்திருக்க முடியாதே!

பெயர்த்த செடி வாடுவதற்கு வெயில் மட்டும் காரணமல்ல. தண்ணீரை உறிஞ்சுவது நுனியில் இருக்கும் சல்லிவேர்கள். தோண்டும்போது அவைதான் முதலில் அறுபடும். இலைகளோ வழக்கம்போல நீரை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். வரவு குறைந்து செலவு குறையாத நிலை அது.

மூன்று வாரம் அவகாசம் இருந்தால், செடியைச் சுற்றி ஒரு பாதி வட்டத்தில் மட்டும் ஓரடி ஆழத்துக்கு மண்வெட்டியால் வேரை வெட்டி, மண்ணை மூடித் தண்ணீர் விடுங்கள். வெட்டிய இடத்தில் புது வேர் விடும். மறுபாதியைப் பெயர்க்கும் அன்று வெட்டினால் போதும். தண்டு ஓரங்குலப் பருமன் என்றால் தாய்மண், அதாவது வேரோடு சேர்ந்து வரும் மண் உருண்டை, ஓரடி அகலமாவது வேண்டும்.

முதல் நாள் மாலை நன்றாக நனையுங்கள். காய்ந்த மண் பொலபொலவென உதிர்ந்து, வேரையும் அறுத்துக்கொண்டு போகும். புதுக் குழியை முன்பே வெட்டித் தண்ணீர் ஊற்றி வையுங்கள். மறுநாள் வெயில் தாழ்ந்தபின், மூன்றில் ஒரு பங்கு கிளைகளைக் கவாத்து செய்து, மொட்டுகளையும் கிள்ளிவிட்டுத் தோண்டுங்கள். தாய்மண்ணை ஈரச் சாக்கில் இறுகக் கட்டி, அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள். தண்டைப் பிடித்துத் தூக்கவே கூடாது. பழைய ஆழத்திலேயே நட்டு, மண்ணை அணைத்து, குச்சி நட்டுக் கட்டுங்கள். தூரைச் சுற்றிச் சருகு பரப்பலாம், தண்டை ஒட்ட வேண்டாம்.

யூரியாவோ வேறு உரமோ ஒரு மாதத்துக்கு வேண்டாம். அறுபட்ட வேர் கருகிவிடும். இரண்டு வாரம் நிழல்வலை கட்டுங்கள். தினமும் இரண்டு விரல் ஆழம் மண்ணைத் தோண்டிப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். வாடுகிறதே என்று குடம் குடமாக ஊற்றி வேரை அழுகவிடுவதுதான் அடிக்கடி நடக்கிற தவறு.

கறிவேப்பிலையை மட்டும் வெயிலில் தொடாதீர்கள். அதன் ஆணிவேர் ஆழமாக இறங்கும், முழுதாக வராது. மழைக்காலத்தில் பக்கக் கன்றைப் பிரித்து நடுவது மேல்.

இலை பழுத்து உதிர்ந்தால் பயப்படாதீர்கள், கிளையில் உயிர் இருப்பதால்தான் உதிர்க்கிறது. இலை கருகி, உதிராமல் ஒட்டிக்கொண்டே நின்றால், நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் காத்திருங்கள். பழுப்பாக இருந்தால் பச்சை தெரிகிற இடம்வரை கீழே வெட்டிவிடுங்கள், அங்கிருந்து துளிர்க்கும்.