வாங்கிய குண்டா, சொன்ன சொல்லா?

நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி அரங்கத்தையே அழவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் எதிரணிச் சகோதரி அவர்களே, கைக்குட்டையை இன்னும் மடித்து வைக்காத பெரியோர்களே, வணக்கம்.

"ஃபீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷாவை உயர்த்தியது அவர் வாங்கிய குண்டா, சொன்ன சொல்லா?" இதுதான் தலைப்பு. 1971 போரில் நம் தரைப்படைத் தலைமைத் தளபதியாக இருந்தவர் அவர். நான் சொல்லுக்காக வந்திருக்கிறேன். எதிரணிக்கு வேலை சுலபம், குண்டு என்றாலே கைதட்டல் வந்துவிடும். எனக்குத்தான் கொஞ்சம் மூச்சுப் பிடிக்க வேண்டும்.

சகோதரி நம்மைச் சித்தாங் ஆற்றங்கரைக்கே கூட்டிப்போனார். 1942 பிப்ரவரி 22, பர்மா. ஜப்பான் படை பாலத்தை நெருங்குகிறது. தன் கம்பெனிப் படையை நடத்திக்கொண்டு முன்னால் போன மானெக்‌ஷாவின் வயிற்றில் இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் பாய்கின்றன. ஆள் பிழைக்கமாட்டார் என்று நினைத்த பிரிட்டிஷ் மேஜர் ஜெனரல் கோவன், மிலிட்டரி கிராஸ் என்ற வீரப் பதக்கம் அந்தக் காலத்தில் செத்தவருக்குக் கிடையாது என்பதால், தன் சட்டையிலிருந்த அந்தப் பதக்க ரிப்பனைக் கழற்றி இவர் சட்டையில் குத்துகிறார். எல்லாம் உண்மை, ஒரு வரியைக்கூட நான் மறுக்கவில்லை.

ஆனால் சகோதரி கதையைப் பாதியில் விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாரே, மீதி எங்கே? அவருடைய உதவிச் சிப்பாயான ஆர்டர்லி அவரைச் சுமந்துகொண்டு வந்து டாக்டர் முன்னால் கிடத்துகிறார். ஆஸ்திரேலிய டாக்டர். பார்த்ததும், இது தேறாத கேஸ் என்று கையை விரிக்கிற நிலை. "என்னப்பா ஆச்சு?" என்று கேட்கிறார். குடலெல்லாம் சல்லடையாகக் கிடக்கிற மனிதர் சொல்கிறார்: "கோவேறு கழுதை உதைச்சிடுச்சு." டாக்டர் சிரித்துவிட்டார். இந்த நிலையிலும் நக்கல் பேசுகிறவனை விடக்கூடாது என்று கத்தியைக் கையில் எடுத்தார். நடுவர் அவர்களே, குறித்துக்கொள்ளுங்கள். குண்டு அந்த மனிதரின் கணக்கை 27 வயதிலேயே முடிக்கப் பார்த்தது. மீட்டுக்கொண்டு வந்தது சொல். எதிரணி கூட்டிவந்த சாட்சி என் பக்கம் பேசுகிறதே, நான் என்ன செய்ய?

இன்னொன்று. அன்றைக்குச் சித்தாங்கில் குண்டு வாங்கியவர்கள் அவர் ஒருவர்தானா? மறுநாள் பாலத்தை நம் பக்கமே வெடிவைத்துத் தகர்த்தபோது எத்தனையோ பேர் எதிர்க்கரையில் மாட்டிக்கொண்டார்கள். அவர்கள் வீரம் ஒரு குன்றிமணியாவது குறைந்ததா? இல்லை. ஆனால் நாம் இன்றைக்குப் பட்டிமன்றம் போட்டுப் பேசுவது இவரைப் பற்றி. அப்படியானால் இவரிடம் வேறு ஏதோ இருக்கிறது.

அது என்ன? என் கதை ஒன்றைச் சொல்கிறேன், சிரிக்காமல் கேளுங்கள். கணக்குப் பிரிவில் குமாஸ்தா வேலை பார்த்தவன் நான். மேலதிகாரி மேசைக்கு வந்து, "மார்ச் 31க்குள்ள முடியுமாய்யா?" என்பார். முடியாது என்று எனக்குத் தெரியும். பக்கத்து மேசைக்காரருக்குத் தெரியும். டீ கொண்டுவருகிற பையனுக்குக்கூடத் தெரியும். ஆனால் என் வாய் என்ன சொல்லும்? "முடிச்சுடலாம் சார்!" அப்புறம் ஏப்ரல் முழுக்க லீவு லெட்டர். இங்கே கைதட்டுகிறவர்கள் எல்லாம் என் இனம் என்று தெரிகிறது.

இப்போது 1971 ஏப்ரல் கடைசி, டெல்லி. இன்றைய வங்கதேசமான கிழக்கு வங்காளம் அன்று பாகிஸ்தானின் ஒரு பகுதி. மார்ச் 25 ராத்திரி அங்கே டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் தன் மக்கள் மீதே பாய்ந்தாயிற்று. வங்காளம், அசாம், திரிபுரா எல்லையெங்கும் அகதிகள் கூட்டம். அமைச்சரவைக் கூட்டம். இந்திரா காந்தி அம்மையார் கோபமாக இருக்கிறார். கிழக்கு வங்காளத்துக்குள் நுழைய வேண்டும், உடனே. மேசைக்கு அந்தப் பக்கம் நாட்டின் தலையெழுத்தையே கையில் வைத்திருக்கிற பிரதமர், இந்தப் பக்கம் தரைப்படைத் தளபதியான நம் மீசைக்காரர். நானாக இருந்தால், "முடிச்சுடலாம் மேடம்".

அவர், "முடியாது" என்றார்.

அதோடு விட்டாரா? காரணத்தை அடுக்கினார். மழை வரப்போகிறது, அங்கே ஆறு பொங்கினால் ஆறாக இருக்காது, கடலாகிவிடும், விமானப் படையும் கைகொடுக்க முடியாது. வடக்கே பனி உருகிக் கணவாய்கள் திறக்கிற காலம், சீனா வந்தால் யார் நிற்பது? கவசப் படையில் ஓடுகிற நிலையில் இருந்த டாங்கிகள் கைவிரல் கால்விரல் எண்ணிக்கைதான். பஞ்சாபில் அறுவடை நேரம். படையை நகர்த்த எல்லா ரயிலையும் நான் எடுத்துக்கொண்டால் தானியம் எதில் போகும்? பஞ்சம் வந்தால் ஜனங்கள் வேளாண் அமைச்சரைத்தான் திட்டுவார்கள், என்னை அல்ல. இப்போதே போகச் சொன்னால் தோல்வி நிச்சயம். எல்லோரும் போன பிறகு, ராஜினாமாவை உடல்நலம் என்று எழுதித் தரட்டுமா, மனநலம் என்று எழுதித் தரட்டுமா என்றும் கேட்டாராம்.

எதிரணித் தலைவர் எழுந்திருக்கப் பார்க்கிறார். தெரியும் ஐயா, உட்காருங்கள். "இதெல்லாம் அவரே மேடைக்கு மேடை சொன்ன கதை." ஆமாம், வசனம் அவர் வாய்வழி வந்ததுதான். மீசையை முறுக்குகிறவர் கதையையும் கொஞ்சம் முறுக்கியிருக்கலாம். அம்மையாருக்கே அன்று அவ்வளவு அவசரம் இல்லை என்கிற ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் காலண்டர் அவர் எழுதியது இல்லையே! மார்ச்சில் பற்றிய நெருப்பு. ஆகஸ்ட் 9இல் சோவியத் யூனியனோடு நட்பு ஒப்பந்தம். டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானங்கள் நம் தளங்களைத் தாக்க, போர் தொடங்குகிறது. வடக்கே கணவாயில் பனி மூடியாயிற்று, கிழக்கே வயலில் தண்ணீர் வடிந்தாயிற்று. 13 நாள். சுமார் 93,000 பேர் கைதிகள். ஓடு மீன் ஓடட்டும், உறு மீன் வரட்டும் என்று எட்டு மாதம் நின்ற கொக்கு அது.

முதல் மணியா? சரி, சுருக்குகிறேன்.

இந்த "முடியாது" 1971இல் திடீரென்று முளைத்ததும் இல்லை. 1950களின் கடைசியில் பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன், தலைமைத் தளபதி திம்மையாவைப் பற்றி உன் அபிப்பிராயம் என்ன என்று கேட்டாராம். "அவர் என் மேலதிகாரி. இன்று என்னிடம் அவரைப் பற்றிக் கேட்டால், நாளை எனக்குக் கீழே இருப்பவர்களிடம் என்னைப் பற்றிக் கேட்பீர்கள்" என்று பதில். பிறகு நம் குன்னூருக்குப் பக்கத்தில், வெலிங்டன் ராணுவக் கல்லூரிக்குத் தலைமை வகித்தபோது அவர் மீதே விசாரணை. குற்றமில்லை என்று முடிந்தது. 1962இல் சீனாவிடம் அடிவாங்கியதும் அதே ஆளைத்தான் படைக்குத் தலைமை தாங்க அசாமின் தேஜ்பூருக்குக் கூப்பிட்டார்கள். போய் இறங்கியவர், எழுத்தில் உத்தரவில்லாமல் இனி யாரும் பின்வாங்கக் கூடாது, அந்த உத்தரவு வரப்போவதும் இல்லை என்றார். அன்று அவர் கையில் துப்பாக்கி இல்லை, நடுவர் அவர்களே. ஒரு வாக்கியம் இருந்தது.

இரண்டாவது மணியும் அடித்துவிட்டீர்கள். ஒரே ஒரு போட்டோ மட்டும் காட்டிவிட்டு இறங்கிவிடுகிறேன். 1971 டிசம்பர் 16, டாக்கா ரேஸ் கோர்ஸ் மைதானம். சின்ன மேசை. குனிந்து கையெழுத்துப் போடுகிறவர் பாகிஸ்தானின் கிழக்குப் படைத் தளபதி நியாஜி. பக்கத்தில் தலைப்பாகையோடு உட்கார்ந்திருப்பவர் நம் கிழக்குப் படைத் தளபதி ஜகஜித் சிங் அரோரா. பின்னால் அதிகாரிகள் ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அதில் அந்த மீசையைத் தேடுங்கள், எதிரணியினரே. கிடைக்காது. நீங்களே போய்ச் சரணாகதியை வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொல்லிப் பார்த்தார்கள். அது அரோராவின் வேலை என்று சொல்லி, அதற்கும் முடியாது என்றுவிட்டார்.