1957-லிருந்து 6174-க்கு ஆறு படி

வணக்கம் மக்களே, பசியாறியாச்சா? சுங்கை சிப்புட் பக்கம், எங்கள் பழைய லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசுகிறேன். பின்னால் கேட்பது செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லோரி. கையில் சுண்ணக்கட்டி, கீழே சிமெண்டுத் தரை. வேறொன்றும் வேண்டாம்.

இன்று ஒரே ஓர் எண்: 6174. நம் ஊரில் நாலு நம்பர் என்றாலே மனம் குலுக்கல் பக்கம் போய்விடும். இதில் அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை. அதனால்தான் எனக்கு இதன் மேல் இத்தனை ஆசை.

மலாயா விடுதலை பெற்ற மெர்டேக்கா ஆண்டு 1957-ஐ எடுப்போம். இலக்கங்களை இறங்கு வரிசையில் வைத்தால் 9751, ஏறு வரிசையில் 1579. கழித்தால் 8172. அதையும் அப்படியே செய்யுங்கள்: 8721-லிருந்து 1278 போனால் 7443. அப்புறம் 3996, 6264, 4176. ஆறாவது தடவை 6174. இப்போது 7641-லிருந்து 1467-ஐக் கழித்துப் பாருங்கள், மறுபடியும் 6174! வந்த இடத்திலேயே நின்றுவிட்டது. நான்கு இலக்கமும் ஒன்றாக இருக்கும் 1111, 2222 போன்றவை மட்டும் ஆகாது. மற்ற எதை எடுத்தாலும் ஏழு படிக்குள் இங்கேதான் வந்து சேரும்.

இதைக் கண்டவர் கப்ரேக்கர். நாசிக் பக்கத்தில் தேவ்லாலி என்னும் ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். 1949-இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் இதை அறிவித்தார். ஒரு வாத்தியார் கூட்டலும் கழித்தலும் வைத்துக்கொண்டே இவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்று நினைக்கும்போது எனக்கு இன்னமும் சிலிர்க்கிறது.

சரி, ஏன் இப்படி நடக்கிறது? விடை இரண்டே வித்தியாசத்தில் அடங்கிவிடுகிறது. பெரிய இலக்கத்துக்கும் சிறியதற்கும் உள்ள வித்தியாசத்தை 999-ஆல் பெருக்குங்கள். நடுவில் நிற்கும் இரண்டின் வித்தியாசத்தை 90-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். 1957-க்கு அவை 8-உம் 2-உம்: 7992-உம் 180-உம் சேர்ந்து 8172. ஆக, முன்னால் 0 வரும் 0001 போன்றவையும் சேர்த்து இருக்கும் 9,990 எண்களில் எதை எடுத்தாலும் முதல் கழித்தலிலேயே வெறும் 54 விடைக்குள் வந்து விழுகிறது. எல்லாமே 9-ஆல் வகுபடும். அந்த 54-ஐயும் ஒரு சனிக்கிழமை நோட்டில் போட்டுப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.

இன்னொரு அழகு. 6174-இன் இலக்கங்களைக் கூட்டினால் 18. 18-ஆல் வகுத்தால் 343, அதாவது 7 × 7 × 7. 18, அதன் வர்க்கம் 324, அதன் கனம் 5832, மூன்றையும் கூட்டினாலும் 6174தான்.

நேற்று பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்தாள். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு. 1000-ஐ எடுத்தாள். 1000-லிருந்து 1 போக 999. திருப்பிப் போட்டாலும் அதே 999, கழித்தால் பூஜ்யம். "அக்கா, உங்க கணக்கு தப்பு," என்றாள். நியாயமான கேள்வி. நாலு இலக்கம் என்றால் கடைசிவரை நாலு இருக்க வேண்டும், முன்னால் 0 போடும்மா என்றேன். 0999 என்று எழுதிக் குனிந்துகொண்டாள். 9990-லிருந்து 0999 போக 8991. அப்புறம் 8082. அப்புறம் 8532. கடைசி வரியைப் போடும் முன்பே நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். தரையில் அவள் எழுதியது இதோ, இன்னும் அழியாமல் இருக்கிறது. கேமராவைக் கிட்டே கொண்டு வருகிறேன், பாருங்கள்.